கடைசி ஆள் வீடு சேரும் மட்டும்

என் பிள்ளைக்கு, அம்மா எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்ததைக் கேளாமல் போனை நீ வைத்த பிறகும் நான் அதைக் காதில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா வந்து என் கையிலிருந்து வாங்கி மெதுவாக வைத்தார். மவுண்ட் ரோஸ்கில்லில் நம் வீட்டிலிருந்து நீ இப்போது தங்கியிருக்கிற மனுரேவா ஒன்றும் கடல் கடந்த தேசமில்லை, இரண்டும் இதே ஒக்லாந்துதான். காரில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் உன் ஃபிளாட்டின் வாசலில் நிற்பேன். ஆனால் நேரே கண்டால் என் வாய் முந்தும், உன் கோபம் அதற்கு முந்தும். உனக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்ததென்று அப்பாவைக் கேள், சிரிப்பார். கடிதமென்றால் நீ குறுக்கே கதைக்க முடியாது, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகவும் முடியாது. அதுதான் எழுதுகிறேன். இதை நீ ரேணுகாவுக்கும் வாசித்துக் காட்டு. வேறு யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பிள்ளையோடு இதே சண்டை பிடித்துக்கொண்டிருக்கிற தாய்மார் இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டுமில்லை.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ உன் நண்பர்களிடம் எப்படிச் சொல்லியிருப்பாயோ தெரியாது. ரேணுகாவின் அப்பாவும் அம்மாவும் தட்டில் பழத்தோடு வந்து நம் வீட்டு சோஃபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபிஜியில் கடையும் வீடுமாக இருந்த மனிதர். நிலைமை கெட்டதும் இரண்டு பெட்டியோடு இங்கே வந்து, இப்போது யாரோ ஒருவருடைய டெயரி என்கிற சின்னக் கடையில் பாலும் பாணும் விற்கிறார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணப் பெத்தவன், கேக்கக் கூச்சமாத்தான் இருக்கும்மா. ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. நவம்பர்ல ஒரு சனிக்கிழமை ஸ்கூல் ஹால் காலியா இருக்குன்னு சொல்றாங்க. பேசி முடிச்சிடலாமா?" என்று கேட்டார். நான் எழும்பிப் போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஐப்பசி. நாளிலும் குறையில்லை, மாதத்திலும் குறையில்லை. நம் பஞ்சாங்கம் என்னைக் கைவிட்டுவிட்டது. அப்போதுதான் என் வாயில் அது வந்தது. "அந்த மாதம் வேண்டாம். என்னோட வேலை செய்யிற ஹில்டாவின்ர ஆக்களுக்கு அது கசப்பு மாதமாம். ஒரு நல்ல காரியமும் இல்லையாம்" என்றேன்.

ரேணுகாவின் அம்மா பாவம், ஒன்றும் விளங்காமல் தலையாட்டினா. நீதான், "எங்கட பஞ்சாங்கம் பாத்து முடிஞ்சு, இப்ப யூதரின்ர பஞ்சாங்கமும் பாக்கத் தொடங்கிட்டியளோ, அம்மா?" என்று கேட்டாய். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அவர்கள் போனதும் நீ குசினி வாசலில் நின்று, "அக்காவின்ர விசா ஒரு சாட்டு. ரேணுகாவ உங்களுக்குப் பிடிக்கேல்ல. அதுதான் உண்மை" என்றாய். நான் திரும்பிப் பாத்திரம் கழுவத் தொடங்கினேன். நீ உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

அந்தப் பேச்சுக்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ முதன்முதல் அவளைப் பற்றிச் சொன்னபோது, எந்த ஊர், என்ன ஆட்கள் என்று நான் கேட்டது உண்மை. அவளுடைய பூட்டன் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனவர், எந்த ஊரென்று அவர்களுக்கே தெரியாது என்று நீ சொன்னதும் என் முகம் மாறியதும் உண்மை. ஆனால் அவள் இந்த வீட்டுக்கு வந்து போகத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அந்தக் கேள்வி எனக்கு மறந்து போயிற்று. "அம்மா, நான் சோறு போடுறேன், நீங்க உக்காருங்க" என்று அவள் தன் தமிழில் சொல்லும்போது எந்த ஊரென்று கேட்டுப் பதிலும் கிடைத்துவிட்ட மாதிரி எனக்கு இருக்கும். அவளை எனக்குப் பிடிக்கும். உன்னைவிடக் கொஞ்சம் கூடவே பிடிக்கும். அவள் போன் வைத்துவிட்டு ஓடுகிற ஆளில்லை.

அப்படியென்றால் ஏன் தள்ளினேன்? உன் அக்காவுக்காகத்தான். அவள் புருசனோடும் பிள்ளையோடும் படகேறி இந்தியாவில் இறங்கி, மெட்ராஸில் ஓர் அறையில் இருந்துகொண்டு இந்த நாட்டு விசாவுக்குக் காத்திருப்பது உனக்குத் தெரியாததல்ல. அவள் கரை சேர்ந்த செய்தி வந்த அன்று போனில் நான் அழுதுகொண்டு, "நீ வராமல் தம்பியின்ர கலியாணம் நடவாது" என்று சொன்னேன். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காதானே தோழி. கூறைச்சேலைத் தட்டை அவள்தான் ஏந்த வேண்டும், பெண்ணுக்கு அதை அவள்தான் உடுத்திவிட வேண்டும், தாலி கட்டும்போது பின்னால் அவள்தான் நிற்க வேண்டும். அந்த இடத்தில் இன்னொருத்தியை நிறுத்தினால் என் மகள் இல்லை என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். விசா வரும், விசா வரும் என்று ஒருமுறை தள்ளினோம். வரவில்லை. இன்னொருமுறை தள்ளினோம். மூன்றாம் முறைக்கு எனக்குச் சொல்லக் காரணம் இல்லாமல் போய், பக்கத்து மேசைக்காரியின் மாதத்தைக் கடன் வாங்கினேன்.

ஹில்டாவை நீ ஒரு தரமோ இரண்டு தரமோ கண்டிருப்பாய். ஒனிஹங்காவில் நான் வேலை செய்யும் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிற மேசை அவளுடையது, தைக்கிற மெஷின் என்னுடையது. உயரமான, சத்தமான மனிசி. நூல் அறுந்தாலும் அரசாங்கத்தைத் திட்டுவாள். அவள் வீடு ஹில்ஸ்பரோவில் என்றபடியால் பின்னேரம் தன் காரில் என்னையும் ஏற்றிவந்து விட்டுப் போவாள். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர், ஒக்டோபர் வந்தால் அவள் அடிக்கடி லீவு எடுப்பாள். அவர்களுடைய புதுவருடம், பிறகு முழுநாள் விரதம், பிறகு வீட்டுக்கு வெளியே ஓலைக் குடில் கட்டிச் சாப்பிடுகிற பெருநாள், பிறகு வேதப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற நாள். முதலாளி முணுமுணுப்பான். போன வருடம் எல்லாம் முடிந்து ஒரு திங்கட்கிழமை வந்து, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, "இனி ஒரு மாதத்துக்கு என்னைத் தினமும் பார்க்கலாம். ஒன்றுமே இல்லாத மாதம். கசப்பு மாதம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்" என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன், அவள் குரல் உனக்குக் கேட்குமென்று நினைக்கிறேன்.

நம் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? ஒரு மாதத்தில் நல்ல காரியம் இல்லையென்றால் நமக்கு உடனே ஆடி ஞாபகம் வரும், மார்கழி ஞாபகம் வரும். கல்யாணம் கூடாது, வீடு மாறக் கூடாது, பெண் பார்க்கப் போகக் கூடாது. அப்படியே நானும் விளங்கிக்கொண்டேன். ஹில்டாவை ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. எனக்குத் தேவையாக இருந்தது ஒரு பூட்டு. அது கிடைத்தது, எடுத்துப் போட்டுவிட்டேன்.

நீ போன மறுநாள் காரில் வரும்போது இதைச் சொன்னேன். அவள் ஹில்ஸ்பரோ ரோட்டில் நடுவழியில் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்தவன் ஹார்னை அடித்துக்கொண்டே போனான். "யார் உனக்குச் சொன்னது கல்யாணம் கூடாதென்று? நான் கல்யாணம் செய்ததே அந்த மாதத்தில்தான்!" என்று கத்தினாள். "பண்டிகை இல்லை என்றுதானே சொன்னேன். கெட்ட மாதம் என்றா சொன்னேன்? உன் மகனுக்கு என் கடவுளின் பெயரைச் சொல்லி நீ எப்படிப் பொய் சொல்லலாம்?" கடவுளை நான் இழுக்கவில்லை, மாதத்தை மட்டும்தான் இழுத்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் திட்டு விழுந்தது.

பிறகு காரை ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் ஆறி, அந்த மாதத்தைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை, இதை நீ கவனமாகக் கேள். அந்தப் பெருநாள்கள் முழுக்கக் கோவிலில் நின்று அழுது, பாடி, ஆடி, இனி நல்லவனாக இருப்பேன், இனிக் கோபப்படமாட்டேன் என்று கடவுளிடம் எவ்வளவோ வாக்குக் கொடுத்திருப்பார்களாம். அதற்கடுத்து வருவது இந்த மாதம். விளக்கு இல்லை, விரதம் இல்லை, விருந்து இல்லை, வாக்கை ஞாபகப்படுத்த ஒன்றும் இல்லை. "வீட்டுக்குப் போ, பாத்திரத்தைக் கழுவு, சொன்னதைச் செய்து காட்டு. அவ்வளவுதான் இந்த மாதம். பெருநாளில் நல்லவளாக இருக்க யாருக்கும் முடியும். எனக்கே முடிகிறது" என்றாள்.

அவள் அதைச் சொன்னபோது எனக்கு நம்முடைய முதல் குளிர்காலம் ஞாபகம் வந்தது. நீ அப்போது இரவுப் படிப்பும் பகல் வேலையுமாக ஓடிக்கொண்டிருந்தாய், கவனித்திருக்கமாட்டாய். ஊரில் கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருந்து கையெழுத்துப் போட்ட அப்பா, இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு, பஸ்ஸில் வந்து, நனைந்த சப்பாத்தோடு நிற்பார். நான் ஒன்றும் கேட்கமாட்டேன், அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். பழைய பேப்பரைக் கசக்கிச் சப்பாத்துக்குள் அடைத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பேன். அதற்குள் அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பார். குளிர்காலம் முழுக்க அதுதான். எங்களுடைய கல்யாணத்துக்கு மேளம் இருந்தது, நாலு நாள் விருந்து இருந்தது, சொந்தம் எல்லாம் இருந்தது. ஆனால் நானும் அவரும் புருசன் பெண்சாதி ஆனது அந்தச் சப்பாத்தைக் காயவைத்த நாள்களில்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு மாதம் வரும். ஒன்றும் நடக்காது, ஒன்றும் இனிக்காது, காலையில் அவளும் வேலைக்கு ஓடுவாள், நீயும் ஓடுவாய். அப்போது அன்பு போய்விட்டது என்று நினைத்துப் பயப்படாதே. போகவில்லை, வேலைக்கு வந்திருக்கிறது.

ஹில்டா அதோடு விடவில்லை. அந்த மாதத்தில் ஒரே ஒரு அலுவல் உண்டாம். கடவுளிடம் மழை கேட்பது. அவர்களுடைய தேசத்தில் நம் ஐப்பசியைப் போல அதுதான் மழை தொடங்குகிற காலம். இங்கே ஒக்லாந்தில் அப்போது வசந்தம். மழை போதும் போதும் என்று சனம் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கும். இருந்தாலும் அந்தத் தேசத்தின் மழை இவளுக்கு மறக்கவில்லை. எனக்கு நம் ஐப்பசி மறக்காததைப் போலத்தான். பெருநாள் முடிந்த உடனேயே அந்தத் தேசத்தில் மழை கேட்கமாட்டார்களாம். பழைய காலத்தில் பெருநாளுக்குத் தூர தூர ஊர்களில் இருந்து நடந்து வந்தவர்கள் வீடு திரும்ப வேண்டும் அல்லவா? வழியில் நனையக் கூடாது, சேற்றில் புதையக் கூடாது. அதனால் எல்லாரிலும் தூரத்தில் இருக்கிற கடைசி ஆள் தன் ஊர் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும் மட்டும் பொறுத்திருந்து, அதன் பிறகுதான் மழையைக் கேட்பார்களாம். வயல் வெடித்துக் கிடந்தாலும், விதை கையில் இருந்தாலும், முகம் தெரியாத ஒரு வழிப்போக்கனுக்காக ஒரு தேசமே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. நடந்து வருகிறவர்கள் இன்றைக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பொறுமையை அவர்கள் விடவில்லை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே அவள் கையைப் பிடித்தேன். "பார்த்தாயா ஹில்டா! உங்கள் ஆட்களும் என்னைப் போலத்தான். என் மகள் இன்னும் வழியில் இருக்கிறாள். அவள் வந்து சேரும் மட்டும் நான் எப்படி மழை கேட்பேன்?" என்றேன். வெற்றி எனக்கே என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்ல இன்னும் நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா! ஹில்டா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். காரை எடுத்தாள். அவள் பேசாமல் கார் ஓட்டியதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவள் கைப்பையில் இருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவளுடைய கல்யாணப் படம். ஹில்டா இளம்பெண்ணாக, மெலிவாக, பூவோடு நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒரு பெண் மட்டும் முகத்தைத் திருப்பி வேறு எங்கோ பார்க்கிறா. யார் இது என்று கேட்டேன். "என் அம்மா. கதவைப் பார்க்கிறாள்" என்றாள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஹில்டா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, தாயும் அவளும் முதலில் கப்பலேறி இங்கே வந்தார்களாம். தகப்பன் அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு. அந்த அடுத்த கப்பல் வரவே இல்லை. அங்கே அகப்பட்ட யூதருக்கு என்ன நடந்ததென்று பிற்பாடு உலகத்துக்கே தெரிய வந்தது. தாய்க்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் மேசையில் அவருக்கு ஒரு கோப்பை வைப்பாவாம். ஹில்டாவின் பிறந்தநாளுக்குக் கேக் இல்லை, அப்பா வரட்டும். பியானோ படிக்கக் கேட்டாள், அப்பா வரட்டும். கல்யாணத்துக்கு வாத்தியம் வைக்கக் கூடாது, அப்பா வரட்டும். "அன்றைக்கு நான் எவ்வளவு அழகாக இருந்தேன் தெரியுமா? என் அம்மா பார்க்கவில்லை" என்றாள் ஹில்டா. பிறகு பாணைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "நேற்று நீ பாதியைத்தான் கேட்டாய். நாங்கள் காத்திருப்பது இரண்டு கிழமை. தூர ஊருக்கு நடக்க அவ்வளவு நாள் போதும் என்று பெரியவர்கள் கணக்குப் பார்த்து வைத்தார்கள். அதற்குப் பிறகும் யாராவது வழியில் இருப்பார்கள், ஒருவனுக்குக் கால் வலித்திருக்கும், ஒருவன் வழி தவறியிருப்பான். அது தெரிந்தும் மழையைக் கேட்கிறோம். கேட்காவிட்டால் அவன் வந்து சேரும்போது சாப்பிட வீட்டில் ஒரு பிடி தானியம் இருக்காது."

நான் அன்றைக்குப் பின்னேரம் தைத்த திரை எல்லாம் கோணல். பிரித்துத்தான் தைக்க வேண்டி வந்தது. ஆனாலும் உடனே மனம் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், உன் அம்மா அப்படி லேசில் மாறுகிற ஆளில்லை. ஹில்டாவின் கதை வேறு, என் மகள் உயிரோடு மெட்ராஸில் இருக்கிறாள் என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டுதான் இருந்தேன்.

சனிக்கிழமை மெட்ராஸில் இருந்து அக்கா போன் எடுத்தாள். எடுத்ததும் நான் வழக்கம் போல, "விசா வந்ததோ?" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம். "அம்மா, என்னை ஏன் இப்பிடிப் பாரமாக்கிறியள்?" என்றாள். "ஒவ்வொரு முறையும் அந்தக் கந்தோரில போய் நிக்கேக்க எனக்கு என்ர விசா ஞாபகம் வாறேல்ல. தம்பியின்ர கலியாணம்தான் ஞாபகம் வருது. இன்னும் வரேல்ல எண்டு சொல்லி அனுப்பினா, நான்தான் அவன்ர வாழ்க்கையக் கெடுக்கிறன் எண்டு இருக்குது. அந்தப் பிள்ளை ரேணுகா என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? வந்து இறங்கிற அண்டைக்கு அவளின்ர முகத்தில எப்பிடி முழிப்பன்?" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கூறைச்சேலை நான் எப்பவோ எடுத்து வைச்சிட்டன். இஞ்சயிருந்து அங்க வாற ஒரு குடும்பத்திட்டக் குடுத்து விடுறன். கட்டி வையுங்கோ அம்மா" என்றாள்.

அந்தப் போனை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து வழிப்போக்கன் நனையக் கூடாதென்றுதான் சனம் பொறுத்திருந்தது. தான் வீடு சேராததால் எல்லாருடைய வயலும் காய்கிறது என்று அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பாவி எப்படி நடந்திருப்பான்? ஒவ்வொரு அடியும் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி அல்லவா இருந்திருக்கும்? உன் அக்காவின் தலையில் நான் ஏற்றியது அதைத்தான், அன்பு என்று பெயர் சொல்லி ஏற்றினேன். உன்னையும் காய விட்டேன், அவளையும் நனைய விட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

அப்பா அவ்வளவு நேரமும் பேப்பருக்குப் பின்னால் இருந்தவர், அதை மடித்து வைத்துவிட்டு, "நான் போய்க் காரை எடுக்கிறன்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நேரே ரேணுகா வீட்டுக்குத்தான் போனோம். அவளுடைய அப்பா வாசலில் நம்மைக் கண்டதும், கல்யாணமே வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறோம் என்று பயந்துவிட்டார் போல. முகம் வெளுத்துவிட்டது. "அண்ணை, அந்தச் சனிக்கிழமை ஹால் இன்னும் காலியாத்தானே இருக்குது?" என்று நான் கேட்டேன். அவர் உள்ளே திரும்பி ஹிந்தியில் ஏதோ கூவினார். ரேணுகாவின் அம்மா மாக்கையோடு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. என் கறுப்பு ஜாக்கெட்டின் முதுகில் இன்னும் அந்த மாக்கை இருக்கிறது, தட்ட மனம் வரவில்லை. ரேணுகா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று, "அவருகிட்ட நான் சொல்லமாட்டேன் அம்மா. நீங்கதான் சொல்லணும்" என்றாள். கெட்டிக்காரி. அதனால்தான் நீ இதை இந்தக் கடிதத்தில் வாசிக்கிறாய்.

இனித் தோழிக்கு என்ன செய்வது? அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைப்போமா என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே அந்தக் கோப்பை ஞாபகம் வந்தது. வேண்டாம். ஹில்டாவைக் கேட்டேன். அவளுக்குப் புருசன் இருக்கிறார், கல்யாணம் செய்ததும் இதே மாதம், வேறென்ன தகுதி வேண்டும்? அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "உங்கள் கடவுளை நான் கும்பிடமாட்டேன். நெருப்புக்குப் பக்கத்திலும் வரமாட்டேன். ஆனால் சேலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். துணிதானே, வாழ்நாள் முழுக்க அதைத்தானே தூக்குகிறேன்" என்றாள். போனில் இதை அக்காவுக்குச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு! எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். ஹில்டா என்றைக்கு வெறுங்காலோடு நடக்கப் பழக வேண்டும் என்று இப்போதே என்னைக் கேட்டு உயிரை வாங்குகிறாள். சேலையைப் பெண்ணுக்கு உடுத்திவிடுவது நான். தாய் செய்யக் கூடாதென்று யாராவது வந்து சொன்னால், நான் ஹில்டாவின் பஞ்சாங்கத்தைக் காட்டுவேன்.

உனக்குப் புத்தி சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் அடைத்தால் நீ வாசிக்கமாட்டாய். ஒன்றை மட்டும் வைத்துக்கொள். உன் வீட்டில் சந்தோசம் வரும்போது, வழியில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார். அவர்களுக்காகக் கொஞ்சம் பொறு. பிறகு பொறுத்தது போதும் என்று மழையைக் கேள். இரண்டையும் செய்ய வேண்டும், பிள்ளை. நான் ஒன்றைத்தான் செய்தேன்.

நீ சின்னனாக இருக்கும்போது, நான் புடைக்க வைத்த சுளகில் இருந்து பச்சை அரிசியை அள்ளி அள்ளித் தின்பாய். கன்னம் இரண்டும் உப்பி இருக்கும். "அரிசி தின்னாத, உன்ர கலியாணத்தண்டு மழை கொட்டும்" என்று நான் கத்துவேன். நீ இன்னும் ஒரு கை அள்ளிக்கொண்டு ஓடுவாய். அக்கா உன்னைப் பிடிக்க ஓடுவாள். நீ தின்ற அரிசிக்கு அந்தச் சனிக்கிழமை ஒக்லாந்தே மிதக்கப் போகிறது. பெய்யட்டும். இவ்வளவு காலமும் வேண்டாம் வேண்டாம் என்றிருந்த நானே இப்போது வாய் திறந்து கேட்கிறேன், பெய்யட்டும். அப்பா குடை பிடிப்பார். படம் எடுக்கிறவன் கமராவைப் பார் என்று சொன்னால் நான் பார்க்கமாட்டேன். கதவையும் பார்க்கமாட்டேன். உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சாப்பாட்டுக்கு வா. கோழிக்கறி வைத்திருக்கிறேன். வரும்போது அந்த உடுப்புப் பையையும் தூக்கிக்கொண்டு வா.

அம்மா